பயனர் நிரலுக்கு வன்பொருளைத் திறந்துவிடும் கெர்னல் டிரைவரை எப்படி மதிப்பாய்வு செய்வது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். டர்பனில் ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் பணிபுரியும் இளம் பொறியாளர் ஒருவர், தம்முடன் வேலை செய்பவர் எழுதிய லினக்ஸ் டிரைவரை (ஒரு கார்டை இயக்க, இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் ஓடும் நிரல்) மதிப்பாய்வு செய்யும் பொறுப்பை முதல்முறையாக ஏற்றிருக்கிறார். ரேடியோ அலைவாங்கியின் சிக்னலை எண்களாக மாற்றித் தரும் எஃப்பிஜிஏ (உள்சுற்றுகளை நாமே நிரலாக்கி மாற்றக்கூடிய சில்லு) கார்டு ஒன்றுக்கான டிரைவர் அது. கார்டு கணினிக்குள் இல்லை. தனி மின்னிணைப்புள்ள பெட்டியில் இருந்தபடி பிசிஐ எக்ஸ்பிரஸ் கேபிள் வழியாக இணைகிறது. டிரைவர் பயனர் நிரலுக்கு மூன்று வழிகளைத் திறக்கிறது: ரிஜிஸ்டர்களைப் (கார்டைக் கட்டுப்படுத்தும் சிறு நினைவிடங்கள்) படிக்கவும் எழுதவும் ஐஓசிடிஎல் என்ற கெர்னல் அழைப்பு, கார்டின் நினைவகப் பகுதிகளை நேரடியாகத் தொட எம்மேப் என்ற அழைப்பு, மாதிரிகளைக் கணினியின் நினைவகத்தில் கொண்டுவந்து நிரப்பும் டிஎம்ஏ பஃபர் (டிஎம்ஏ என்பது சிபியுவின் துணையின்றிக் கார்டே நினைவகத்தைத் தொடுவது). "சோதனையில் எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது, எழுத்து நடை கெர்னல் வழக்கப்படி இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும் என்கிறார்கள். உண்மையில் நான் எதைப் பார்க்க வேண்டும், எந்த வரிசையில் பார்க்க வேண்டும், அண்ணா?" என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, எழுத்து நடையை மட்டும் பார்த்தால் போதாது. அதைப் பார்க்க ஒரு ஸ்கிரிப்ட் போதும், ஒரு மனிதர் தேவையில்லை. நிரலின் முதல் வரியைத் திறப்பதற்கு முன்பே கார்டின் ரிஜிஸ்டர் அட்டவணையை வாங்கி மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சாதனக் கோப்பைத் திறந்து கையில் வைத்திருக்கும் ஒருவர், தமக்குச் சொந்தமில்லாத நினைவகத்தின்மீது இந்தக் கார்டை என்ன செய்ய வைக்க முடியும், எவ்வளவு காலம் செய்ய வைக்க முடியும் என்ற ஒரே கேள்விக்கு விடை தேடுவதுதான் உங்கள் வேலை. டிஎம்ஏ செய்யும் கார்டு பிசிஐ பஸ்ஸின் மாஸ்டர் ஆகிறது, அதாவது நினைவகப் பரிமாற்றத்தைத் தானே தொடங்குகிறது. இடையில் ஐஓஎம்எம்யு (சாதனங்கள் எந்த நினைவகத்தைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் வன்பொருள்) இல்லையென்றாலோ அது அணைக்கப்பட்டிருந்தாலோ, கணினியின் எந்தப் பௌதிக முகவரியிலும் அதனால் எழுத முடியும். அந்த நிலையில் டிஎம்ஏ முகவரியை ஏற்கும் ரிஜிஸ்டர் ஒன்று பயனர் நிரலின் கைக்கு எட்டிவிட்டால், அந்தக் கோப்பைத் திறக்க உரிமையுள்ள ஒவ்வொருவரும் நடைமுறையில் ரூட், அதாவது கணினியின் முழு அதிகாரம் கொண்டவர், ஆகிவிடுகிறார்கள். இதற்கு நிரலில் ஒரு பிழைகூட இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு வரியும் சரியாக இருந்தாலும் வடிவமைப்பே ஓட்டையாக இருக்கும். சோதனைகள் இதைக் காட்டவே காட்டா, ஏனென்றால் சோதனை எழுதுபவர் கார்டை முறையாகத்தான் பயன்படுத்துவார்.

ஆகவே அட்டவணையில் உள்ள ஒவ்வொரு ரிஜிஸ்டரின் பக்கத்திலும் ஒரு குறி இடுங்கள்: முகவரியை ஏற்பது, நீளத்தை ஏற்பது, கார்டை மீட்டமைப்பது, இன்டரப்டைக் (கார்டு சிபியுவைக் கூப்பிடும் குறிப்பு) கட்டுப்படுத்துவது, வெறும் நிலையைச் சொல்வது, பெருக்கத்தையோ அலைவெண்ணையோ மாற்றுவது. கடைசி இரண்டு வகைகளைத் தாராளமாகப் பயனருக்குக் கொடுக்கலாம். மற்றவை கெர்னலின் கையில்தான் இருக்க வேண்டும். பிறகு அவை எந்த நினைவகப் பக்கத்தில் விழுகின்றன என்று பாருங்கள், ஏனென்றால் எம்மேப் நினைவகத்தைப் பக்கம் என்ற நிலையான அளவுத் துண்டுகளாகத்தான் கொடுக்கும். ஒரு 4 கேபி பக்கத்தில் அலைவெண் ரிஜிஸ்டரும் டிஎம்ஏ முகவரி ரிஜிஸ்டரும் சேர்ந்திருந்தால், ஒன்றைக் கொடுத்தாலே மற்றதையும் கொடுத்ததாகிவிடும். ஆர்ம் 64, பவர்பிசி கணினிகள் சிலவற்றில் பக்கம் 64 கேபி என்பதையும் மறக்க வேண்டாம். இன்று தனித்தனிப் பக்கத்தில் இருப்பவை அங்கே ஒரே பக்கத்தில் வந்து விழும். எஃப்பிஜிஏ உங்கள் ஆய்வகத்திலேயே நிரலாக்கப்படுவதால் இதற்கு எளிய தீர்வு உண்டு: ஆபத்தான ரிஜிஸ்டர்களைத் தனி பாரில் (கார்டு கணினிக்குக் காட்டும் முகவரிப் பகுதி) வைக்கச் சொல்லுங்கள். வாங்கிய கார்டு என்றால் இந்த வாய்ப்பு கிடைக்காது, உங்களுக்குக் கிடைத்திருக்கிறது.

எம்எஸ்ஐ-எக்ஸ் அட்டவணை எந்தப் பாரில் இருக்கிறது என்பதையும் இதே கட்டத்தில் பாருங்கள். அனுபவமுள்ளவர்களும் இதைத் தவறவிடுகிறார்கள். எம்எஸ்ஐ-எக்ஸ் முறையில் ஓர் இன்டரப்ட் என்பது, அட்டவணையில் எழுதப்பட்டுள்ள முகவரிக்கு அதில் எழுதப்பட்டுள்ள மதிப்பைக் கார்டு அனுப்புவதுதான். அந்த அட்டவணை இருக்கும் பக்கத்தைப் பயனருக்கு மேப் செய்து கொடுத்தால், தாம் விரும்பிய முகவரியில் தாம் விரும்பிய 4 பைட்டை எழுதும் வசதியையும் அவருக்குக் கொடுக்கிறோம்.

தென்னாப்பிரிக்காவில் இந்தத் துறைக்கு ஒரு முன்வரலாறு உண்டு. கரூவில் ஏழு ஆன்டெனாக்களுடன் அமைந்த காட்-7 ரேடியோ தொலைநோக்கியின் கோரிலேட்டர் (ஆன்டெனாக்களின் சிக்னல்களை ஒப்பிட்டு இணைக்கும் கருவி) ரோச் என்ற எஃப்பிஜிஏ பலகைகளைக் கொண்டு கட்டப்பட்டது. நம் நாட்டுப் பொறியாளர்களும் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் காஸ்பர் குழுவினரும் சேர்ந்து உருவாக்கிய பலகை அது. அதிலிருந்த பவர்பிசி செயலியில் ஓடிய போர்ஃப் என்ற லினக்ஸ் வடிவம், எஃப்பிஜிஏவின் ரிஜிஸ்டர்களைச் சாதாரணக் கோப்புகளாகக் காட்டியது: கோப்பைப் படித்தால் ரிஜிஸ்டரின் மதிப்பு கிடைக்கும், கோப்பில் எழுதினால் ரிஜிஸ்டர் மாறும். வேகம் குறைவான வழிதான், ஆனால் ஒவ்வொரு தொடுகையும் கெர்னல் வழியாகப் போவதால் ஒவ்வொன்றையும் சரிபார்க்க அங்கே ஓர் இடம் இருந்தது. எம்மேப்பில் அந்த இடம் இல்லை. கொடுக்கும் அந்த ஒரு கணத்தில் மட்டுமே கெர்னலால் பேச முடியும். அதன்பின் பயனர் நிரல் என்ன எழுதுகிறது என்பதைக் கெர்னல் அறியாது. ஆகவே வேகம் உண்மையில் தேவைப்படுவது எது என்று சக பொறியாளரிடம் கேளுங்கள். மாதிரிகளுக்கு வேகம் தேவை. அலைவெண்ணை மாற்றுவது எப்போதோ ஒருமுறை நடப்பது. அதற்கு எம்மேப் எதற்கு?

அடுத்து, இந்த டிரைவர் இருக்கத்தான் வேண்டுமா? கெர்னலை வளர்ப்பவர்கள் இந்த வகை டிரைவரைப் பார்த்தவுடன் கேட்கும் கேள்வி இதுதான். அதில் அவமதிப்பு ஏதும் இல்லை. யுஐஓ என்ற பொதுச் சட்டகம் 2007-இல் வெளியான 2.6.23 பதிப்பிலிருந்தே கெர்னலில் இருக்கிறது. அதில் சாதனக் கோப்பைப் படித்தால் அடுத்த இன்டரப்ட் வரும்வரை காத்திருந்து, இதுவரை வந்த இன்டரப்டுகளின் எண்ணிக்கையை 4 பைட்டாகத் தரும். பார்களை எம்மேப் செய்யலாம். மற்றதெல்லாம் பயனர் நிரலின் பொறுப்பு. ஆனால் யுஐஓவுக்கு ஐஓஎம்எம்யு பாதுகாப்பு பற்றிய எந்த அறிவும் கிடையாது. டிஎம்ஏ செய்யாத எளிய கட்டுப்பாட்டுக் கார்டுக்கு அது நல்ல தேர்வு, உங்கள் கார்டுக்கு அல்ல. 2012-இல் 3.6 பதிப்பில் வந்த விஎஃப்ஐஓ இந்தக் குறையைத் தீர்க்கவே கட்டப்பட்டது. அங்கே சாதனம் ஐஓஎம்எம்யுவின் ஒரு குழுவுக்குள் அடைக்கப்படுகிறது. பயனர் நிரல் தன் சொந்த நினைவகத்தில் எந்தப் பகுதியைக் கார்டு தொடலாம் என்று பதிவு செய்கிறது. பதிவு செய்யாத முகவரியைக் கார்டு தொட்டால் ஐஓஎம்எம்யு மறுத்துவிடுகிறது. டிஎம்ஏ முகவரி ரிஜிஸ்டர் பயனரின் கையில் இருந்தாலும் கேடில்லை என்ற நிலை அங்கேதான் உண்மையாகிறது. இன்டரப்டுகள் ஈவென்ட்எஃப்டி (நிகழ்வை அறிவிக்கும் சிறப்புக் கோப்பு) வழியாக வருகின்றன, எம்எஸ்ஐ-எக்ஸும் கிடைக்கிறது. உங்கள் ஆய்வகக் கணினியில் ஐஓஎம்எம்யு இருந்தால், எழுதப்பட்ட டிரைவரின் பெரும்பகுதியைத் தூக்கிப்போட்டுவிட்டு விஎஃப்ஐஓவுக்கு மாறச் சொல்வதே நேர்மையான மதிப்பாய்வு என்பது என் கருத்து. உழைத்தவருக்கு அது வலிக்கும். இருந்தாலும் முதல் நாளே சொல்லிவிடுவது, இருபது திருத்தங்களுக்குப் பிறகு சொல்வதைவிட அவருக்கு நல்லது. ஐஓஎம்எம்யு இல்லாமலே விஎஃப்ஐஓவை ஓட்டும் ஒரு முறையும் உண்டு. அதைப் பயன்படுத்தினால் கெர்னல் தன்னைக் கறைபட்டதாகக் குறித்துக்கொள்கிறது. அந்தக் குறியை மதித்து விலகி நில்லுங்கள்.

ஐஓஎம்எம்யு இல்லை, அல்லது ஒரே கார்டைப் பல நிரல்கள் ஒரே நேரத்தில் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்றால் தனி டிரைவருக்கு நியாயம் இருக்கிறது. இனி நிரலுக்குள் போகலாம்.

எம்மேப் செயலியில் (டிரைவரில் அந்த அழைப்பைக் கையாளும் ஃபங்ஷன்; இனி செயலி என்றால் இதுதான்) தொடங்குங்கள். பயனர் இரண்டு எண்களைத் தருகிறார்: எந்த இடத்திலிருந்து, எவ்வளவு நீளம். இரண்டையும் கூட்டிப் பாரின் அளவோடு ஒப்பிடும் நிரலைப் பார்த்தால் உடனே நிறுத்துங்கள். பெரிய எண்ணைக் கொடுத்தால் கூட்டல் வழிந்து சிறிய எண்ணாகிவிடும், சோதனையும் தேறிவிடும். முதலில் தொடக்கம் அளவுக்குள் இருக்கிறதா என்று பார்த்து, பிறகு அளவிலிருந்து தொடக்கத்தைக் கழித்து வரும் மிச்சத்தோடு நீளத்தை ஒப்பிடுவதே சரியான முறை. இது ஏட்டுக் கவலை அல்ல. திரைக் காட்சிக்கான ஃபிரேம்பஃபர் டிரைவர்களின் பொது எம்மேப் செயலியில் இதே போன்ற எண் வழிதல் இருந்தது. 2013-இல் பாதுகாப்பு ஓட்டைகளின் பொதுப் பட்டியலில் சிவிஇ-2013-2596 என்ற எண்ணில் அது பதிவானது, அதைக் கொண்டு ஆண்ட்ராய்டு கைபேசிகளில் ரூட் உரிமை எடுத்தார்கள். அந்தக் காலத்தில்தான் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் இந்தக் கணக்கையெல்லாம் ஒரே இடத்தில் சரியாகச் செய்யும் விஎம்_ஐஓமேப்_மெமரி என்ற உதவிச் செயலியை எழுதிச் சேர்த்தார். உங்கள் டிரைவர் ஒரு பாரை முழுமையாகக் கொடுப்பதென்றால் அதையே அழைக்கட்டும். அதை விட்டுவிட்டுக் கையால் கணக்குப் போட்டிருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

படிக்க மட்டும் என்று கொடுக்கப்படும் மேப்பிங்கில் இன்னொரு பொறி இருக்கிறது. எழுதும் கொடி (அனுமதியைக் குறிக்கும் பிட்) இருக்கிறதா என்று பார்த்து மறுப்பதோடு பலர் நின்றுவிடுகிறார்கள். கோப்பைப் படிக்கவும் எழுதவும் திறந்த பயனர், முதலில் படிக்க மட்டும் என்று மேப் செய்துவிட்டு, பின்னர் எம்புரொடெக்ட் அழைத்து எழுதும் உரிமையைச் சேர்த்துக்கொள்ளலாம். இதைத் தடுக்க, பின்னாளில் எழுதலாம் என்பதைக் குறிக்கும் விஎம்_மேரைட் கொடியையும் டிரைவர் அழித்திருக்க வேண்டும். நிரலில் அந்தப் பெயரைத் தேடுங்கள். இல்லையென்றால் அந்த மேப்பிங் படிக்க மட்டுமானது அல்ல.

டிஎம்ஏ பஃபரை மேப் செய்வது வேறு வகை. கார்டின் நினைவகம் எப்போதும் கார்டிலேயே இருக்கும்; பஃபரோ கெர்னல் ஒதுக்கியது, விடுவிக்கவும் கூடியது. பஃபரின் அளவை மாற்றும் ஐஓசிடிஎல் ஏதாவது இருக்கிறதா? இருந்தால், பழைய பஃபரைப் பயனர் மேப் செய்து வைத்திருக்கும்போது அதை அழைத்தால் என்ன ஆகும் என்று வரி வரியாகத் தொடர்ந்து பாருங்கள். பழைய பக்கங்கள் கெர்னலுக்குத் திரும்பி, வேறு யாருடைய தரவுக்கோ ஒதுக்கப்பட்டு, பயனரின் மேப்பிங் அவற்றையே காட்டிக்கொண்டிருக்கும் நிலை வருமானால் அது மிக மோசமான ஓட்டை. மேப்பிங்குகளை எண்ணி வைத்து, ஒன்றாவது உயிரோடு இருந்தால் மறுப்பதே எளிய தீர்வு. நிரல் தன் நகலை உருவாக்கும் ஃபோர்க்கின்போதும் அந்த எண்ணிக்கை கூட வேண்டும் என்பதால் விஎம்ஏவின் (ஒரு மேப்பிங்கைக் குறிக்கும் கெர்னல் பதிவு) திறப்பு, மூடல் அழைப்புகள் இரண்டிலும் எண்ணப்படுகிறதா என்று பாருங்கள். ஒதுக்கிய பஃபர் பூஜ்யமாக்கப்படுகிறதா என்பதும் முக்கியம், இல்லையேல் கெர்னலின் பழைய தரவு பயனருக்குக் கசியும். டிஎம்ஏவுக்கான கோஹெரன்ட் ஒதுக்கீடு (கார்டும் சிபியுவும் ஒரே தரவைக் காணும்படி தரப்படும் நினைவகம்) 5.0 பதிப்பு முதல் தானே பூஜ்யமாக்கித் தருகிறது. பொதுவான பக்க ஒதுக்கீடு, கேட்டால் மட்டுமே பூஜ்யமாக்கும். கேமல்லாக் என்ற பொது ஒதுக்கீட்டால் பெற்ற சிறு துண்டை மேப் செய்திருந்தால், அதே பக்கத்தில் இருக்கும் பிற கெர்னல் தரவும் சேர்ந்து போகிறது. அதற்கு எந்தச் சமாதானத்தையும் ஏற்காதீர்கள்.

ஐஓசிடிஎல் பகுதியில் உள்ள பிழைகள் பெரும்பாலும் பழகியவை. ஒருமுறை அறிந்தால் கண் தானே பிடித்துவிடும். பயனரிடமிருந்து நகலெடுக்கும் காப்பி_ஃப்ரம்_யூசர் தோல்வியுற்றால் நகலாகாத பைட்டுகளின் எண்ணிக்கையைத் திருப்பித் தரும். அதை அப்படியே பயனருக்குத் திருப்பினால் அவர் ஒரு நேர் எண்ணைப் பார்த்து வெற்றி என்று நினைப்பார். அங்கே தவறான முகவரி என்று பொருள்படும் இஃபால்ட் பிழைதான் போக வேண்டும். ஒரே ஸ்ட்ரக்டைப் (பல புலங்கள் கொண்ட தரவுத் தொகுப்பு) பயனரிடமிருந்து இருமுறை படிக்கும் நிரலும் ஆபத்தானது: முதல்முறை நீளத்தை மட்டும் படித்துச் சரிபார்த்துவிட்டு, பிறகு முழுவதையும் படித்தால், இடையில் அதே நிரலின் இன்னொரு திரெட் (இணையாக ஓடும் இழை) நீளத்தை மாற்றிவிடலாம். பயனருக்குத் திருப்பியனுப்பும் ஸ்ட்ரக்டில் புலங்களுக்கு இடையே இடைவெளி இருந்தால் அங்கே கெர்னலின் தற்காலிக நினைவகமான ஸ்டாக்கின் மிச்சங்கள் உட்கார்ந்திருக்கும். புலங்கள் எல்லாம் நிலையான அகலம் கொண்டவையாக இருக்கட்டும். லாங் என்ற எண் வகையும், முகவரியைச் சுமக்கும் வெறும் பாயின்டரும் 32 பிட் நிரலுக்கும் 64 பிட் நிரலுக்கும் வேறு வேறு அளவு. 64 பிட் புலமும் 32 பிட் இன்டெல் நிரலில் 4 பைட் எல்லையிலும் பிற இடங்களில் 8 பைட் எல்லையிலும் அமரும் என்பதால், இடைவெளியை வெளிப்படையான வெற்றுப் புலத்தால் நிரப்பச் சொல்லுங்கள்.

அந்த வெற்றுப் புலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அது பூஜ்யம்தானா என்று டிரைவர் இன்றே சரிபார்த்து, இல்லையென்றால் மறுக்க வேண்டும். இன்று எதையும் ஏற்றுக்கொண்டால், நாளை அந்தப் புலத்துக்கு ஒரு பொருள் கொடுக்கும்போது குப்பையை அனுப்பிக்கொண்டிருந்த பழைய நிரல்கள் உடைந்துபோகும். கெர்னலுக்கும் பயனர் நிரலுக்கும் இடையிலான இடைமுகத்தை ஒருமுறை வெளியிட்டால் திரும்பப் பெற முடியாது என்பது லினக்ஸ் உலகம் விடாப்பிடியாகக் காக்கும் வழக்கம். ஆய்வகத்துக்குள் மட்டும் ஓடும் டிரைவர்தானே என்று உங்கள் நண்பர் சொல்லலாம். முனைவர் பட்ட மாணவர் ஒருவர் எழுதிவிட்டுப் போன ஆய்வு நிரலை அவர் போன பிறகு யார் திருத்துவார்கள் என்று கேளுங்கள்.

ரிஜிஸ்டரைப் படிக்க, எழுத என்று பொதுவாக ஓர் ஐஓசிடிஎல் இருப்பதாகச் சொன்னீர்கள். பயனர் தரும் எண்ணை நேராகப் பாரின் தொடக்கத்தோடு கூட்டி எழுதினால் அது எம்மேப்பைவிட மோசம், ஏனென்றால் சரிபார்க்க இடம் இருந்தும் சரிபார்க்கவில்லை. அனுமதிக்கப்பட்ட ரிஜிஸ்டர்களின் பட்டியல் ஒன்று நிரலுக்குள் இருக்க வேண்டும், அது நீங்கள் அட்டவணையில் இட்ட குறிகளோடு பொருந்த வேண்டும். பயனர் தரும் எண்ணை வைத்து அந்தப் பட்டியலில் தேடும் இடத்தில், சிபியு ஊகித்து முன்கூட்டியே இயக்குவதைக் கொண்டு தரவைக் கசியவைக்கும், 2018-இல் வெளிவந்த ஸ்பெக்டர் தாக்குதலுக்கு எதிரான அரே_இன்டெக்ஸ்_நோஸ்பெக் அழைப்பும் இருக்கட்டும்.

இப்போது நான் அதிக நேரம் செலவிடச் சொல்லும் பகுதி: ஆயுள். ஒரு சாதனம் போய்விட்ட பிறகும் அதைத் திறந்த கோப்பு உயிரோடு இருக்கும். இந்த வகை டிரைவர்களில் பல கெர்னல் வீழ்ச்சிகள் இந்த இடைவெளியில் நிகழ்கின்றன. கார்டை யார் பிடுங்கப் போகிறார்கள் என்று பலர் இதை ஒதுக்கிவிடுவார்கள். ஆனால் உங்கள் கார்டு தனி மின்னிணைப்பில் வெளிப்பெட்டியில் இருக்கிறது. 2023-இல் நாடு கண்ட லோட் ஷெடிங் (முறைவைத்த மின்வெட்டு) நாட்களை நினைத்துப் பாருங்கள்: கணினி யுபிஎஸ்ஸில் ஓடிக்கொண்டிருக்கும், பெட்டிக்கு மின்சாரம் போய்விடும். கெர்னலின் பார்வையில் அது ஓடும் கார்டை யாரோ பிடுங்கிய நிகழ்வேதான்.

அந்தக் கணத்தில் என்ன நடக்கிறது? வழக்கமான இன்டெல் வகைக் கணினியில் கார்டின் ரிஜிஸ்டரைப் படித்தால் எல்லாப் பிட்டும் ஒன்றாக வரும், பிழை எதுவும் எழாது. 'வேலையில் இருக்கிறேன்' என்ற பிட் பூஜ்யமாகும்வரை சுற்றிக்கொண்டிருக்கும் லூப், அந்தப் பிட் என்றென்றும் ஒன்றாகவே தெரிவதால் ஒருபோதும் நிற்காது. ஆகவே டிரைவரில் காத்திருக்கும் ஒவ்வொரு லூப்புக்கும் கால வரம்பு உண்டா என்று பாருங்கள். படித்த மதிப்பை நீளமாகவோ வரிசை எண்ணாகவோ நம்பிப் பயன்படுத்தும் இடங்களில், எல்லாப் பிட்டும் ஒன்றாக வந்தால் என்ன ஆகும் என்றும் பாருங்கள்.

பிறகு கெர்னல் டிரைவரின் நீக்கச் செயலியை அழைக்கும். டிரைவரின் தனித் தரவு டெவ்எம்_கேஸாலாக் கொண்டு ஒதுக்கப்பட்டிருந்தால், நீக்கம் முடிந்தவுடன் அது தானாகவே விடுவிக்கப்படும். பயனர் நிரலோ இன்னும் கோப்பைத் திறந்தே வைத்திருக்கிறது. அது அடுத்து அழைக்கும் ஐஓசிடிஎல் விடுவிக்கப்பட்ட நினைவகத்தைத் தொடும். அந்தத் தானியங்கி ஒதுக்கீடு வசதியானது என்பதாலேயே புதியவர்கள் எல்லா இடத்திலும் அதைப் பயன்படுத்துகிறார்கள். கோப்பின் ஆயுளோடு கட்டப்பட்ட தரவுக்கு அது பொருந்தாது. அந்தத் தரவுக்குத் தனி மேற்கோள் எண்ணிக்கை (அதை இன்னும் எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்ற கணக்கு) வேண்டும்: சாதனம் ஒன்று, திறந்த கோப்பு ஒவ்வொன்றுக்கும் ஒன்று, கடைசியாகப் போகிறவர் விடுவிக்கட்டும். சாதனம் போய்விட்டது என்ற கொடியை ஒரு பூட்டின் கீழ் வைத்து, ஒவ்வொரு செயலியும் முதலில் அதைப் பார்க்க வேண்டும். இந்த நுணுக்கத்தில் கெர்னலின் சொந்த யுஐஓ சட்டகமே இடறியிருக்கிறது; சாதனம் நீக்கப்பட்ட பின் திறந்திருந்த கோப்பைத் தொட்டால் கெர்னல் விழும் பிழை 2018-இல்தான் அங்கே திருத்தப்பட்டது. ஆகையால் உங்கள் நண்பர் இதைத் தவறவிட்டிருந்தால் அவரைக் குறைவாக எண்ண வேண்டாம், ஆனால் விட்டுவிடவும் வேண்டாம்.

மேப்பிங்குகளும் அப்படியே எஞ்சியிருக்கும். மின்சாரம் திரும்பியதும் கெர்னல் அதே முகவரிப் பரப்பை வேறொரு சாதனத்துக்கு ஒதுக்கலாம். பழைய மேப்பிங் அப்போது அந்தச் சாதனத்தின் ரிஜிஸ்டர்களைக் காட்டும். எனவே நீக்கச் செயலியில் எல்லா மேப்பிங்குகளையும் கிழித்தெறியும் அன்மேப்_மேப்பிங்_ரேஞ்ச் அழைப்பு இருக்க வேண்டும். அதன்பின் தொடும் நிரலுக்கு, தவறான நினைவகத் தொடுகைக்கான சிக்பஸ் என்ற அறிவிப்பு போகும், அதுவே நியாயம். இன்டரப்டுக்காகத் தூங்கிக்கொண்டிருக்கும் பயனர் நிரல்களையும் எழுப்பிவிட வேண்டும், இல்லையேல் அவை வராத இன்டரப்டுக்காகக் காத்தே இருக்கும்.

ஒரே நேரத்தில் ஒருவர்தான் திறக்கலாம் என்று ஒரு கொடியை வைத்துவிட்டு, ஆகவே பூட்டுகள் தேவையில்லை என்று எழுதியிருந்தால் அதை ஏற்காதீர்கள். ஒருமுறை திறந்த ஃபைல் டிஸ்கிரிப்டரை (திறந்த கோப்பைக் குறிக்கும் எண்) ஃபோர்க் மூலம் பிள்ளை நிரல் பெறும், டூப் அழைத்து நகல் எடுக்கலாம், யுனிக்ஸ் சாக்கெட் வழியாக வேறொரு நிரலுக்கே அனுப்பலாம், பல திரெட்கள் ஒன்றாக அழைக்கலாம். அந்தக் கொடி இவற்றில் எதையும் தடுக்காது. கோப்பை மூடும் வேலைக்கான ரிலீஸ் செயலி ஒவ்வொரு குளோஸுக்கும் வருவதில்லை, கடைசி மேற்கோள் போகும்போது ஒருமுறைதான் வரும். உயிரோடு இருக்கும் மேப்பிங்கும் ஒரு மேற்கோள்தான். நிரலைக் கொல்லும்போதும் ரிலீஸ் வந்துவிடும் என்பதால், கார்டை அமைதிப்படுத்தும் வேலை அங்கே இருக்க வேண்டும். பயனர் நிரல் நிறுத்து என்று சொல்லிவிட்டுத்தான் போகும் என்று நம்பக் கூடாது. அமைதிப்படுத்துவதில் வரிசை முக்கியம்: டிஎம்ஏவை நிறுத்தும் ரிஜிஸ்டரில் எழுத வேண்டும், அந்த எழுத்து வழியில் தங்கிவிடாமல் கார்டைச் சேர்ந்ததை உறுதிசெய்ய ஒரு ரிஜிஸ்டரைத் திரும்பப் படிக்க வேண்டும், கார்டு நின்றுவிட்டதாகச் சொல்லும்வரை கால வரம்போடு காத்திருக்க வேண்டும், அதன்பிறகே பஃபரை விடுவிக்கலாம். தொடக்கத்தில் இதன் மறுதலை: சாதனக் கோப்பைப் பதிவு செய்வது கார்டு கிடைத்ததும் அழைக்கப்படும் புரோப் செயலியின் கடைசி வேலையாக இருக்கட்டும், பதிவான கணத்திலேயே யாராவது திறந்துவிடலாம்.

பயனரின் சொந்த நினைவகத்துக்கே கார்டு எழுதும் வழி இருந்தால், பக்கங்களைப் பிடித்து வைக்க 5.6 பதிப்பில் வந்த பின்_யூசர்_பேஜஸ் குடும்பத்தை நீண்டகாலக் கொடியோடு பயன்படுத்தியிருக்கிறார்களா, விடும்போது அழுக்கானவை (உள்ளடக்கம் மாறியவை) என்று குறிக்கிறார்களா, பயனருக்கு அனுமதிக்கப்பட்ட பூட்டிய நினைவக வரம்போடு கணக்கு வைக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள். இன்டரப்ட் பகுதியில், எம்எஸ்ஐ இல்லாமல் பகிர்ந்த இணைப்பில் ஓடும் வாய்ப்பிருந்தால், இது என் கார்டுடையது அல்ல என்று சொல்லத் தெரிகிறதா என்று பாருங்கள். யாரும் ஏற்காத இன்டரப்டுகள் ஒரு லட்சத்தில் 99,900-ஐத் தாண்டினால் கெர்னல் அந்த இணைப்பையே அணைத்துவிடும், அதைப் பகிர்ந்த மற்றச் சாதனமும் சேர்ந்து செத்துப்போகும்.

சாதனக் கோப்பின் அனுமதி கடைசியில் வருகிறது, ஆனால் சிறியதல்ல. மாணவர்கள் பலர் உள்நுழையும் கணினி என்றால் 0666 (யாரும் படிக்கலாம், எழுதலாம்) என்று ஒரு யூடெவ் (சாதனக் கோப்புகளுக்கு அனுமதி அமைக்கும் நிரல்) விதி எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று தேடுங்கள். 2012-இல் சாம்சங் எக்ஸினாஸ் சிப் கொண்ட கைபேசிகளில், பௌதிக நினைவகம் முழுவதையும் மேப் செய்ய விடும் சாதனக் கோப்பு ஒன்று இதே அனுமதியோடு கிடந்தது. எந்த ஆப்பாலும் கைபேசியைத் தன்வசமாக்க முடிந்தது. அந்தச் சாதனத்துக்கென ஒரு குழு, 0660 (உரிமையாளரும் குழுவும் மட்டும்), குழுவில் தேவையானவர்கள் மட்டும் என்பதே போதுமானது. நினைவில் கொள்ளுங்கள்: ஐஓஎம்எம்யு காவல் இல்லாமல் டிஎம்ஏ முகவரி பயனரின் கைக்கு எட்டும் டிரைவரில் அந்தக் குழுவில் சேர்ப்பது ரூட் கடவுச்சொல்லைக் கொடுப்பதற்குச் சமம்.

கருவிகளையும் ஓட்டுங்கள். ஸ்பார்ஸ் என்ற நிரல் ஆய்வுக் கருவி, பயனர் பாயின்டரையும் கார்டின் முகவரியையும் சாதாரணப் பாயின்டராகப் பயன்படுத்திய இடங்களைக் காட்டும். காசான் (நினைவகப் பிழைகளைப் பிடிப்பது), லாக்டெப் (பூட்டுப் பிழைகளைப் பிடிப்பது) இரண்டும் இயக்கப்பட்ட கெர்னலில், மாதிரிகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே சாதனங்களைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸில் உள்ள அன்பைண்ட் கோப்பு வழியாக டிரைவரைக் கார்டிலிருந்து பிரித்துப் பாருங்கள். பிரித்த பின் அதே நிரலில் ஐஓசிடிஎல் அழையுங்கள், மேப்பிங்கைத் தொடுங்கள், பிறகு குளோஸ் செய்யுங்கள். பெட்டியின் சுவிட்சை அணைத்தும் ஒருமுறை செய்யுங்கள். அன்பைண்டின்போது கார்டு இன்னும் பதில் சொல்லிக்கொண்டிருக்கும், சுவிட்சை அணைத்தால் சொல்லாது.

நண்பருக்கு எழுதும் முதல் கடிதத்தில் எல்லாவற்றையும் கொட்ட வேண்டாம். ரிஜிஸ்டர் அட்டவணையில் நீங்கள் இட்ட குறிகள், ஏன் விஎஃப்ஐஓ ஆகாது என்ற கேள்வி, அன்பைண்ட் சோதனையின் பதிவு ஆகிய மூன்றையும் மட்டும் அனுப்புங்கள். இவற்றுக்கு வரும் பதிலைப் பொறுத்து டிரைவரின் பாதி மாறக்கூடும். மாறப்போகும் வரிகளில் எழுத்து நடையைத் திருத்தி இருவரும் களைத்துப்போவதில் பயனில்லை. ஐஓசிடிஎல் ஸ்ட்ரக்டுகளின் இடைவெளியும் பிழை எண்களும் இரண்டாவது சுற்றுக்கு இருக்கட்டும். மேலிடத்திலிருந்து அவசரப்படுத்தினால், அட்டவணையில் டிஎம்ஏ முகவரி ரிஜிஸ்டர் இருக்கும் வரியைக் காட்டி, இந்தக் கணினியில் உள்நுழையும் மாணவர்களில் யார் யார் ரூட் ஆகலாம் என்று தீர்மானித்துச் சொல்லும்படி கேளுங்கள்.